விளக்கு வேறு, மின்சாரம் வேறு

(விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சூரிய மின்சாரத்தைப் பற்றி விளக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். சூரியன், காற்று, ஓடுகிற தண்ணீர், இம்மூன்றும் வற்றாத சக்திகள். நிலக்கரியைப் போல வெட்ட வெட்டக் குறைகிற சரக்கில்லை. இவற்றை வைத்து ஏழை நாடுகளின் கிராமங்களில் எல்லாம் வெளிச்சம் கொண்டுவந்து விடலாம் என்று முப்பது வருஷமாக எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அவர்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லமாட்டேன். பாதிக் கணக்கைச் சொல்கிறார்கள். மீதிப் பாதியை இன்று நாம் போட்டுப் பார்ப்போம். கணக்கை ஆகாயத்தில் போட முடியாது. ஒரு நாட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பங்களாதேஷை எடுத்துக்கொள்கிறேன். மின்கம்பி எட்டாத வீடுகளுக்குச் சூரிய விளக்குக் கொடுத்ததில் உலகத்திலேயே பெரிய திட்டம் அங்கே நடந்தது என்று உலக வங்கியே எழுதி வைத்திருக்கிறது.

அந்த நாடு ஆறுகளின் நாடு. பத்மா, ஜமுனா, மேக்னா என்ற மூன்று பேராறுகளும் வருஷா வருஷம் கரையை அறுக்கும். நடு ஆற்றிலே மண் திட்டுகளை எழுப்பும். கரையில் இடமில்லாத ஏழை அந்தத் திட்டில் போய்க் குடிசை போடுவான். இந்த வருஷம் இருக்கிற திட்டு அடுத்த வெள்ளத்தில் இருக்குமா என்பது நிச்சயமில்லை. அங்கே கம்பம் நட்டு யார் கம்பி இழுப்பார்கள்? 2009-ம் வருஷக் கணக்குப்படி அந்த நாட்டு ஜனங்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் மின்சாரம் கிடையாது. பொழுது சாய்ந்தால் 'குபி'தான். தகரக் குப்பியிலே மண்ணெண்ணெய், அதில் ஒரு திரி. நம் ஊர் அரிக்கேன் விளக்குக்காவது கண்ணாடி உண்டு. குபிக்கு அதுவும் இல்லை. சுவரெல்லாம் கரி, மூக்கெல்லாம் கரி. மாதம் இரண்டு மூன்று லிட்டர் எண்ணெய் இதற்கே போய்விடும்.

இந்த இடத்தில்தான் சூரியத் தகடு வந்தது. கடைக்காரர் சோலார் பேனல் என்று சொல்கிறாரே, அதுதான். 1996-ல் கிராமீன் சக்தி என்ற ஸ்தாபனம் ஆரம்பித்தது. 2003-ல் 'இட்கால்' என்கிற சர்க்கார் கடன் நிறுவனம் உலக வங்கிப் பணத்தை வாங்கிப் பெரிய அளவில் இறங்கியது. ஒரு செட்டில் என்ன இருக்கும்? கூரைமேல் ஒரு தகடு, வீட்டுக்குள் லாரியில் இருப்பதைப் போன்ற ஈய-அமிலப் பாட்டரி ஒன்று, பாட்டரி அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும் காக்கிற சின்னப் பெட்டி ஒன்று, மூன்று நாலு விளக்கு. 50 வாட் செட் என்றால் இவற்றோடு ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டெலிவிஷனும் கொஞ்ச நேரம் ஓடும், கைப்போனுக்கு மின்னேற்றலாம்.

2008-க்குள் 50,000 வீடு என்று குறி வைத்தார்கள். 2005-லேயே முடிந்துவிட்டது! அதற்குப் பிறகு வெள்ளம்தான். 2018-ல் கணக்கெடுத்தபோது 41 லட்சம் செட்டுகள். சுமார் இரண்டு கோடி ஜனங்கள் அந்த வெளிச்சத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். இதைச் சின்ன விஷயம் என்று எவனாவது சொன்னால் அவன் குபி வெளிச்சத்தில் ஒரு நாளும் சோறு தின்றதில்லை என்று அர்த்தம். பெண்கள் இருட்டுமுன் சமைத்து முடிக்க ஓட வேண்டியதில்லை. பிள்ளைகள் புகையில்லாமல் படித்தார்கள். படகுத்துறைக் கடைக்காரன் ராத்திரி எட்டு மணிக்கும் வியாபாரம் பண்ணினான். செட்டுகளைப் பூட்டவும் பழுது பார்க்கவும் ஆயிரக்கணக்கான கிராமத்து வாலிபர்கள், பெண்களும் கூட, தொழில் கற்றுக்கொண்டார்கள். இதெல்லாம் வாஸ்தவம். பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிட்டு மேலே போவோம்.

இனி மீதிக் கணக்கு.

சூரியன் இலவசம். தகடு இலவசமா? 2010 வாக்கில் ஒரு 50 வாட் செட்டின் விலை இருபத்தையாயிரம் டாக்காவுக்கு மேல். அதிலே பத்து அல்லது பதினைந்து சதவீதம் முன்பணம். பாக்கியை இரண்டு மூன்று வருஷத் தவணையில் வட்டியோடு கட்ட வேண்டும். பணம் எப்படி நடந்து வந்தது என்று பாருங்கள். உலக வங்கி மலிவான வட்டிக்குச் சர்க்காருக்குக் கொடுத்தது. சர்க்கார் இட்காலுக்குக் கொடுத்தது. இட்கால் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஸ்தாபனங்களுக்குக் கொடுத்தது. அவர்கள் குடியானவனுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு படியிலும் வட்டி ஒரு சுற்றுப் பெருத்தது. கடைசிப் படியில் நின்ற குடியானவன்தான் எல்லாவற்றையும் சுமந்தான். சரி, அவனாவது சுமந்தான். கூலிக்கு நாற்று நடுகிறவன் என்ன செய்வான்? முன்பணத்துக்கே வழியில்லை. ஆகவே முதலில் வாங்கினவர்கள் சொந்த நிலக்காரர்கள், கடைக்காரர்கள், அரபு நாட்டிலிருந்து மகன் பணம் அனுப்புகிற வீட்டார். பிற்பாடு 10 வாட், 20 வாட் என்று சின்னச் செட்டுகள் வந்த பிறகே ஏழைக் குடிசைக்குக் கொஞ்சம் எட்டியது.

அதே வருஷங்களில் டாக்கா நகரத்து மாடிவீட்டுக்காரர் என்ன செய்தார்? மின்நிலையத்தை அவர் வாங்கினாரா? டிரான்ஸ்பார்மரைத் தவணையில் எடுத்தாரா? பொதுப்பணத்தில் நிலையம் கட்டி, கம்பம் நட்டு, வாசல்வரை கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். ஓடின யூனிட்டுக்கு மட்டும் காசு கட்டினார். நகரத்துப் பணக்காரனுக்கு மின்சாரம் பொதுச் சேவை; ஆற்றுத் திட்டில் இருக்கிற ஏழைக்கு அது தவணைச் சரக்கு. என் கோபம் சூரியத் தகட்டின் மீதில்லை தோழர்களே, இந்தப் பாகுபாட்டின் மீதுதான்.

இன்னொரு கணக்கு. மில் தோழர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு குதிரைச் சக்தி என்பது 746 வாட். வயலுக்கு இறைக்கிற ஐந்து குதிரைச் சக்தி மோட்டாருக்கு 3,730 வாட் வேண்டும். கையிலிருப்பதோ 50 வாட் தகடு. எழுபத்தைந்து வீட்டுத் தகடுகளை, அதுவும் உச்சி வெயிலில், ஒன்றாகச் சேர்த்தால்தான் ஒரே ஒரு பம்புக்குக் காணும்! 50 வாட் தகடு மாதம் முழுக்கக் காய்ந்தாலும் தருவது ஐந்தாறு யூனிட். உங்கள் மில்லில் ஒரு ரிங் பிரேமுக்கு எத்தனை குதிரைச் சக்தி மோட்டார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தகட்டிலே நெல் அரைக்க முடியாது, மாவு அரைக்க முடியாது, தறி ஓடாது, தண்ணீர் இறைக்காது. விளக்கு எரியும். விளக்கு வேறு, மின்சாரம் வேறு. விளக்கு இருட்டைப் போக்கும். மின்சாரம் வேலை கொடுக்கும், இடுப்பொடிகிற பாட்டைக் குறைக்கும். ஏழைக்கு விளக்குப் போதும் என்று எங்கேயோ யாரோ தீர்மானித்துவிட்டார்கள்.

பிறகு என்ன நடந்தது? சர்க்கார் வேகமாகக் கம்பி இழுத்தது. 2022 மார்ச்சில் நாடு முழுவதும் மின்சாரம் எட்டிவிட்டது என்று அறிவித்தார்கள். கம்பி வந்ததும் ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சாயாமல் இருப்பார்களா? மின்விசிறி சுற்றுகிறது, யூனிட்டும் மலிவு. இதற்கு நடுவே நிவாரண நிதியிலிருந்து இலவசத் தகடுகளும் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒரே தெருவில் ஒருவன் தவணை கட்டுகிறான், பக்கத்து வீட்டுக்காரன் சும்மா வாங்குகிறான் என்றால் எவன் தவணை கட்டுவான்? நிலுவை மலைபோல் ஏறியது. விற்ற ஸ்தாபனங்கள் நொடித்தன. பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட வாலிபர்களில் பலர் வேலை இழந்தார்கள். செத்த பாட்டரிகளும் தூசி படிந்த தகடுகளும் மிஞ்சின.

சந்துவீப் என்று ஒரு தீவு, மேக்னா ஆறு கடலில் விழுகிற இடத்தில். அங்கே 2010-ல் 100 கிலோவாட் சூரிய நிலையம் ஒன்று வைத்து, கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்பி இழுத்தார்கள். வீட்டுக்கொரு தகட்டைவிட இது நல்ல ஏற்பாடு. சின்ன மோட்டாரும் ஓடும். ஆனால் யூனிட் சுமார் 30 டாக்கா! கரையிலே சர்க்கார் கம்பியில் வந்த யூனிட்டுக்கு அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டிலேயே விலை கூடின மின்சாரத்தைத் தீவு ஜனங்கள் வாங்கினார்கள். 2018-ல் கடலுக்கு அடியில் கேபிள் போட்டுச் சர்க்கார் மின்சாரம் வந்த பிறகே அந்த அநியாயம் தீர்ந்தது.

நம் தேசத்திலும் இந்தக் கதை உண்டு. பீகாரில் ஜெகனாபாத் ஜில்லா தர்நாய் கிராமம். முப்பது வருஷமாக இருட்டில் கிடந்த ஊர். 2014-ல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் ஸ்தாபனம் சுமார் 450 வீடுகளுக்காக அங்கே 100 கிலோவாட் சூரிய நிலையம் அமைத்தது. விளக்கு எரிந்தது. ஆனால் பெரிய சாமான் எதையும் மாட்டாதே என்று கட்டுப்பாடு. முன்னாள் முதலமைச்சர் பார்வையிட வந்தபோது ஊர் ஜனங்கள் கூடி, எங்களுக்கு அசல் மின்சாரம் கொடுங்கள் என்று கோஷம் போட்டார்கள். நன்றி கெட்டவர்கள் என்று சிலர் அவர்களைக் கேலி செய்தார்கள். நான் அந்த ஜனங்களின் கட்சி. பக்கத்து ஊர்க்காரன் பம்பு ஓட்டுகிறான், இவன் மட்டும் விளக்கோடு திருப்திப்பட வேண்டுமா? கம்பி வந்தது. சில வருஷங்களில் அந்த நிலையத்துப் பாட்டரிகள் செத்தன. கடைசியில் அந்த இடத்தில் மாடு கட்டினார்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, சூரியன் காற்று எல்லாம் ஏமாற்று, நிலக்கரிதான் நிஜம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படிச் சொல்லவும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு கணக்கு. கோயமுத்தூர்ப் பக்கத்து மில் தோழர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பைக்காராவில் மலையிலிருந்து விழுகிற தண்ணீரைக் கொண்டு 1932-ல் மின்சாரம் எடுத்தார்கள். அதற்குப் பின்தான் அந்த வட்டாரத்தில் மில்லுக்குமேல் மில்லாக எழும்பியது. கவலை கட்டி மாடு இழுத்த கிணறுகளில் பம்பு செட்டு வந்தது. அதுவும் வற்றாத சக்திதானே! யாரும் அதை விளக்கோடு நிறுத்தவில்லை. கதிரைச் சுற்ற வைத்தது, கிணற்றை இறைத்தது. அந்த லாபமெல்லாம் யார் மடியில் விழுந்தது என்பது வேறொரு நாள் பேச வேண்டிய விஷயம். சக்தியில் குறை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். தகட்டின் விலையும் 2010-க்கும் 2020-க்கும் நடுவே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்துவிட்டது. அப்போது ஒரு வீட்டுக்குத்தான் முடியும் என்றிருந்தது இப்போது ஊருக்கே முடியும்.

ஊருக்கே செய்தது எப்படி என்பதற்கு நேபாளத்தைப் பாருங்கள். மலைநாடு, ஓடைக்குப் பஞ்சமில்லை. 'கட்டா' என்ற நீர்ச்சக்கரத்தில் மாவரைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக உள்ள தொழில். 1960-ல் காட்மாண்டு அருகே பாலாஜூவில் ஓர் இயந்திரப் பட்டறை, 1963-ல் புட்வாலில் ஒரு தொழிற்பயிற்சிப் பட்டறை தொடங்கினார்கள். அங்கேயே இரும்பை வெட்டி, வெல்டு பண்ணி, லேத்தில் கடைந்து சின்னச் சின்ன டர்பைன்களைச் செய்யக் கற்றார்கள். வெளிநாட்டுச் சாமானுக்குக் காத்திருக்கவில்லை. முதலில் டர்பைன் நெல் குத்தியது, மாவரைத்தது, எண்ணெய் ஆட்டியது. அப்புறம் அதனுடன் டைனமோவைப் பூட்டினார்கள். பகலில் மில், ராத்திரியில் விளக்கு. கவனியுங்கள்: அங்கே வேலை முதலில் வந்தது, விளக்கு பின்னால் வந்தது. மின்சாரத்துக்குக் காசு அரவைக் கூலியிலிருந்தே கிடைத்தது.

1996-ல் சர்க்காரும் ஐக்கிய நாட்டு ஸ்தாபனமும் சேர்ந்து இதை விரிவாக்கியபோது, வீட்டுக்கு ஓர் ஆண் ஒரு பெண் என்று இருவரையும் சங்கத்தில் சேர்த்தார்கள். வாய்க்கால் வெட்டுவது, கம்பம் சுமப்பது எல்லாம் ஊர்ச் சிரமதானம். நிலையம் ஊருடைய சொத்து. ஓட்டுகிறவன் ஊர்ப் பையன். பல் சக்கரம் தேய்ந்தால் மூட்டை கட்டிப் புட்வாலுக்குக் கொண்டுபோனால் போதும். எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்லவில்லை. மண்சரிவு வாய்க்காலை மூடும். 2015 பூகம்பத்தில் பல நிலையங்கள் இடிந்தன. கோடையில் தண்ணீர் குறையும். உழைக்க வந்த ஏழையைவிடப் பேச வந்த பெரிய வீட்டுக்காரன் கை ஓங்கின ஊர்களும் உண்டு. அங்கும் பெரிய கம்பி வந்தபோது பல சின்ன நிலையங்களை மூடிவிட்டார்கள். ஆனால் 2018-ல் நுவாகோட் ஜில்லாவில் 23 கிலோவாட் நிலையம் ஒன்றை மூடாமல் அந்தப் பெரிய கம்பியோடு இணைத்தார்கள். ஊர் ஜனங்கள் வெட்டிய வாய்க்காலின் மின்சாரம் தேசத்துக் கம்பியில் ஏறியது. அதற்கு ஊருக்குக் காசு. கம்பி வந்தால் தகடு குப்பைக்கா என்று கேட்டீர்களானால் இதுதான் பதில். இரண்டையும் முதலிலேயே சேர்த்துத் திட்டமிட்டால் எதுவும் வீணாகாது.

உலகத்தில் 2023-ல் ஏறக்குறைய 66 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை; அவர்களில் பெரும்பாலோர் சஹாரா பாலைவனத்துக்குத் தெற்கே இருக்கிற ஆப்பிரிக்க மக்கள். அங்கே எந்த வழியைக் காட்டினார்கள் தெரியுமா? கென்யாவில் எம்-கோபா என்ற கம்பெனி 2012-ல் விற்பனை தொடங்கியது. 8 வாட் தகடு, இரண்டு மூன்று விளக்கு, ஒரு ரேடியோ. முன்பணம் தனி, பிறகு ஒரு வருஷம் தினம் 50 ஷில்லிங் கைப்போன் வழியாகக் கட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு 18,250 ஷில்லிங். வருமானம் தினக்கூலி என்பதால் தவணையையும் தினத்தவணை ஆக்கினார்கள், கெட்டிக்காரத்தனம்தான். பெட்டிக்குள்ளே கைப்போன் சிம் ஒன்று இருக்கிறது. பணம் வராவிட்டால் கம்பெனி அலுவலகத்தில் இருந்துகொண்டே பெட்டியைப் பூட்டிவிடுவார்கள். மேலே சூரியன் காய்கிறான், தகடு மின்சாரம் தருகிறது, பாட்டரி நிறைந்திருக்கிறது. ஆனால் விளக்கு எரியாது! நம் ஊரில் தண்டல்காரன் வாசலில் வந்து நிற்பான். இவன் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறான். பிற்பாடு அந்தக் கம்பெனி இதே பூட்டை வைத்துக் கைப்போன்களையும் தவணைக்கு விற்க ஆரம்பித்தது.

மண்ணெண்ணெயைவிட அது மேல் என்று கென்யாக் குடியானவன் வாங்குகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கேள்வி அவனிடம் இல்லை. பொதுப்பணம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. ஆற்றுத் திட்டுக்கும் மலைக்கும் தகடுதான் சரி என்றால், சர்க்கார் கம்பம் நடுகிற மாதிரி தகட்டையும் நடட்டும். யூனிட் விலை பட்டணத்துக்கு ஒன்று, திட்டுக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது. பம்பும் அரவை மில்லும் ஓடுகிற அளவுக்கு இருக்க வேண்டும். பழுது பார்க்கிறவன் சம்பளக்காரனாக அதே ஊரில் இருக்க வேண்டும்.

பம்பைப் பற்றி நிலமில்லாத தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பங்களாதேஷில் பத்து லட்சத்துக்கு மேல் டீசல் பம்புகள் இருக்க, சூரியப் பம்புகள் சில ஆயிரம்தான். எண்ணெய்ச் செலவில்லை, புகையில்லை, வெயில் கொளுத்துகிற நாளில்தான் தண்ணீர் தேவை, அன்றுதான் பம்பும் நன்றாக ஓடும். நல்ல சாதனம். ஆனால் ஒரு பம்பை ஒருவன் வைத்துக்கொண்டு இருபது பேர் வயலுக்குத் தண்ணீர் விற்பதும் அங்கே உண்டு. வாரத்துக்கு உழுகிறவன் நிலத்துக்காரனுக்கு ஒரு பங்கு அளந்த பிறகு தண்ணீர்க்காரனுக்கும் அளக்கிறான். டீசல் போய்ச் சூரியன் வந்ததால் அந்தப் பங்கு குறைந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

கடைசியாகப் பாட்டரி. தகடு இருபது வருஷம் நிற்கும். ஈயப் பாட்டரி ஐந்து வருஷம் வந்தால் பெரிது. பழைய பாட்டரியை விற்றவனே திரும்ப எடுத்து முறையாக உருக்க வேண்டும் என்று பங்களாதேஷில் விதி உண்டு. ஆனால் நாலு காசு கூடக் கொடுக்கிற பழைய சாமான்காரன் வீட்டுக்கே வருகிறான். ரிக்ஷா பாட்டரி, லாரி பாட்டரி, சூரிய பாட்டரி எல்லாம் சேர்ந்து ஊருக்கு வெளியே திறந்த குழியில் உருகுகின்றன. உடைக்கிறவன் கையுறை இல்லாத கூலிக்காரன். அந்தப் புகையும் மண்ணும் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயமாக ஏறுகிறது. மூளை வளர்ச்சி குன்றுகிறது. சூரிய மின்சாரத்தில் புகை இல்லை என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள் அந்தக் குழிப் பக்கம் போய்ப் பார்த்தால் நல்லது. இப்போது வருகிற லித்தியம் பாட்டரியில் ஈயம் இல்லை, நீடித்தும் உழைக்கும். விலை கூட என்று சொல்லி ஏழை வீட்டுக்கு மட்டும் பழையதைத் தள்ளுவார்களா, மாட்டார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டிய தோழர்கள் மணியைப் பார்க்கிறீர்கள். நான் இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கேள்வி இருப்பவர்கள் கேளுங்கள்.